கொடி நாள் உண்டியலும் பறிக்கப்பட்ட பென்ஷனும்

ஆண்டு தவறாமல் டிசம்பர் 7-ந் தேதி வந்துவிடுகிறது. கலெக்டர் ஆபீசில் கொடி நாள் விழா நடக்கிறது. உண்டியலில் முதல் நோட்டைக் கலெக்டர் போடுகிறார், போட்டோ எடுக்கிறார்கள். ஆபீசுக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்து உண்டியல்கள் கிளம்புகின்றன. சின்னஞ்சிறு பிள்ளைகள் அம்மாவிடம் கேட்டு வாங்கிய காசைப் போட்டு, சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று மூன்று வர்ணம் கொண்ட காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள்.

மேடையில் எங்களையும் உட்கார வைக்கிறார்கள். நாங்கள் பட்டாளத்தில் சிப்பாயாகவும் நாயக்காகவும் ஹவில்தாராகவும் இருந்து வந்தவர்கள். மெடலைக் குத்திக்கொண்டு வரச் சொல்லி முன்கூட்டியே சொல்லி அனுப்புவார்கள். ஆளுக்கு ஒரு சால்வை. "எல்லைச் சாமிகள்" என்று எங்களைப் புகழ்கிறார்கள். கை தட்டுகிறார்கள். சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வீடு திரும்புகிறோம். மறுநாள் காலையில் எங்களில் பலர் ஏ.டி.எம். வாசலிலும் அடுக்குமாடிக் கட்டிட கேட்டிலும் வாட்ச்மேன் வேலைக்குப் போய் நிற்கிறோம். கார் ஹாரன் கேட்டதும் எல்லைச் சாமி ஓடிப்போய் கேட்டைத் திறக்கிறது!

பள்ளிப் பிள்ளை போடும் காசை நாங்கள் குறை சொல்லவில்லை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அந்தப் பிள்ளையின் கையில் உண்டியலைக் காட்டிவிட்டுப் பின்னால் ஒளிந்து நிற்கும் சர்க்காரைத்தான் நாங்கள் கேட்கிறோம். 1949 முதல் இந்த நாள் கொண்டாடப்படுகிறது. கை கால் இழந்தவனுக்கும் விதவைக்கும் செய்யவேண்டிய கடமை தர்மக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறதே, அது ஏன்? தேசத்துக்காகச் செய்த வேலைக்குத் தேசத்தின் கஜானா கொடுக்கவேண்டியதைத் தெருவில் உண்டியல் குலுக்கியா சேர்ப்பது?

பென்ஷன் பிச்சையல்ல

பென்ஷன் என்பது எஜமான் மனமிரங்கிப் போடும் கருணைக் காசு அல்ல. உழைத்தவன் முன்பே சம்பாதித்து, பின்னால் வாங்கிக்கொள்ளும் கூலி. இதைக் கம்யூனிஸ்டுகள் மட்டும் சொல்லவில்லை. 1982 டிசம்பர் 17-ந் தேதி நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே அது உரிமை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பட்டாளத்தில் இந்த உரிமைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. சர்க்கார் ஆபீசில் இருப்பவர் அறுபது வயது வரை வேலை பார்க்கிறார். சிப்பாயையோ முப்பத்தைந்து, நாற்பது வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பட்டாளத்துக்கு வாலிப உடம்பு வேண்டும்; அது சரி. ஆனால் அந்த வயதில்தான் மூத்த பிள்ளை பத்தாவது படிக்கிறது, தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், தகப்பனார் படுக்கையில் விழுகிறார். துப்பாக்கி பிடிக்கப் பழகிய கைக்கு வெளியே என்ன வேலை கிடைக்கும்? வாட்ச்மேன் வேலைதான். மத்திய சர்க்கார் வேலைகளில் கடைநிலைப் பதவிகளில் எங்களுக்கென்று இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்வார்கள். அந்த இடங்கள் முழுதும் நிரப்பப்பட்டதே இல்லை. ஊரிலோ, பட்டாளத்துக்காரன் என்றதும் "கான்டீன் ரம் கிடைக்குமா?" என்று கேட்கிற நண்பர்கள்தான் அதிகம். அதுவும் ஒரு மரியாதைதான் என்று சிரித்துக்கொள்கிறோம்.

அதனால்தான் "ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்" என்ற கோரிக்கை எழுந்தது. விஷயம் மிகச் சுலபமானது. ஒரே பதவியில், ஒரே காலம் சேவை செய்த இரண்டு ஹவில்தார்கள். ஒருவர் 1985-ல் வெளியே வந்தார்; மற்றவர் 2010-ல் வந்தார். முன்னவருக்குக் குறைந்த பென்ஷன், பின்னவருக்குக் கூடுதல் பென்ஷன். 1985-ல் ஓய்வு பெற்றவர் என்பதற்காகப் பழைய விலையில் அரிசி போடும் கடைக்காரன் எந்த ஊரிலாவது இருக்கிறானா?

பதவிக்கு ஏற்றபடி பென்ஷன் என்ற ஏற்பாடு ஒரு காலத்தில் இருந்தது. 1971 டிசம்பரில் யுத்தம் முடிந்து வெற்றி விழாக் கொண்டாடினார்கள். 1973-ல், மூன்றாவது சம்பளக் கமிஷனை ஒட்டி, அந்த ஏற்பாடு ஒழிக்கப்பட்டது. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்ற கதை! பறித்தது காங்கிரஸ் சர்க்கார். நாற்பது ஆண்டு மனுப்போட வைத்ததும் பெரும்பாலும் அதே சர்க்கார்தான். 2014 பிப்ரவரியில், தேர்தல் வாசலில் வந்து நின்றபோது, இடைக்கால பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயை எடுத்து நீட்டினார்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 2013 செப்டம்பர் 15-ந் தேதி ஹரியானாவில் ரேவாரி நகரத்தில் மாஜி ராணுவத்தினரின் பெருங்கூட்டம் நடந்தது. பிரதம மந்திரி வேட்பாளராக அறிவிக்கப்பட்டிருந்த மோடி, அந்த மேடையில் நின்றுதான் எங்கள் கோரிக்கையைக் கையில் எடுத்தார். எங்களில் எத்தனையோ பேர் அன்று நம்பினோம். நம்பியதை மறைக்க வேண்டியதில்லை. ஓட்டும் போட்டோம். அடுத்த ஆண்டு ஆட்சி வந்தது, பென்ஷன் வரவில்லை. 2015 ஜூன் மாதம் டில்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தோம். ஆகஸ்ட் 14-ந் தேதி, மறுநாள் செங்கோட்டையில் கொடியேற்ற வேண்டும் என்று சொல்லி, டில்லிப் போலீஸ் எங்களைக் கலைக்க வந்தது. மெடல் குத்திய கிழவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். யுத்த களத்தில் எதிரி தொடாத மெடலைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாள் சொந்தப் போலீஸ் கிழித்தது!

செப்டம்பர் 5-ந் தேதி அறிவிப்பு வந்தது. 2014 ஜூலை 1 முதல் அமல் என்றார்கள். கேட்டதை முழுதும் கொடுத்ததாக முரசு அடித்தார்கள். உண்மை என்ன? பழைய பென்ஷனைப் புதிய பென்ஷனுக்குச் சமமாக்கும் திருத்தம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். இடையில் மறுபடியும் இடைவெளி விழும். இது ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் அல்ல, ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள் ஒரே பென்ஷன்! அந்த நவம்பரில் மெடல்களை நெருப்பில் போடத் துணிந்தவர்களைப் பார்த்து, "தேசத்தை அவமதிக்கிறார்கள்" என்று உபதேசம் செய்தார்கள்.

பிறகு கோர்ட்டு. 2022 மார்ச் 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட், சர்க்காரின் திட்டத்தில் அரசியல் சட்டப்படி குறை காணவில்லை என்று சொல்லிவிட்டது. அது எங்களுக்குத் தோல்விதான். ஆனால் சர்க்கார் தானே போட்ட ஐந்தாண்டுக் கணக்கின்படி 2019 ஜூலை 1 முதல் திருத்தி நிலுவையைக் கொடு என்று உத்தரவிட்டது. அதையாவது கொடுத்தார்களா? மூன்று மாதம் என்றது கோர்ட். அவகாசம் மேல் அவகாசம் வாங்கினார்கள். பிறகு நான்கு தவணையில் தருகிறோம் என்றார்கள். 2023 மார்ச்சில், சீல் வைத்த கவருக்குள் காரணத்தை எழுதி நீதிபதிகளிடம் நீட்டினார்கள். கோர்ட் வாங்க மறுத்தது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தத் தேதிக்குள், விதவைகளுக்கு அந்தத் தேதிக்குள் என்று நீதிபதிகளே கெடு விதிக்க வேண்டியதாயிற்று. கிழவனுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியைத் தவணையாக்குவது ஏன் என்று எங்களுக்குத் தெரியும். நான்காவது தவணைக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

எது பாரம்?

"பென்ஷன் பாரம் தாங்க முடியவில்லை" என்பதுதான் இவர்கள் பாடும் பல்லவி. டெலிவிஷனில் டை கட்டிய நிபுணர்கள் தினம் ஒருவராக வந்து இதை ஓதுகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைப் பென்ஷனுக்கு ஒதுக்கியது 1,19,696 கோடி ரூபாய். இதில் அத்துறையின் சிவில் சிப்பந்திகளின் பென்ஷனும் அடக்கம். முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இதில் கஞ்சி குடிக்கின்றன.

2019 செப்டம்பரில் நடந்ததை இதோடு சேர்த்து வையுங்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தின்மீது கட்டவேண்டிய வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாக ஒரே அறிவிப்பில் குறைத்தார்கள். புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவிகிதம் போதும் என்றார்கள். இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே வாயால் சொன்னார். முப்பது லட்சம் குடும்பங்களின் ஓராண்டுப் பென்ஷனைவிட அதிகமான தொகையை ஒரு காலைப்பொழுதில் விட்டுக்கொடுத்தவர்களுக்கு, அது பாரமாகத் தெரியவில்லை! பங்கு மார்க்கெட் அன்று துள்ளிக் குதித்தது. எந்த நிபுணரும் "நாடு தாங்குமா?" என்று கேட்கவில்லை.

நான்கு ஆண்டுக் காண்ட்ராக்ட் சிப்பாய்

பாரத்தை இறக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பென்ஷன் கொடுப்பதுதானே தொல்லை? பென்ஷனே இல்லாத சிப்பாயைச் சேர்த்தால் போயிற்று! 2022 ஜூன் 14-ந் தேதி அறிவித்த அக்னிபாத் திட்டத்தின் சாரம் இவ்வளவுதான்.

பதினேழரை வயதிலிருந்து இருபத்தொரு வயதுக்குள் சேர வேண்டும். நான்கு ஆண்டு சேவை. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய் என்று நோட்டீசில் போடுகிறார்கள். அதில் நூற்றுக்கு முப்பது பிடித்தம். கைக்கு வருவது 21,000. நான்காவது ஆண்டில் 40,000. கைக்கு வருவது 28,000. பிடித்ததோடு சர்க்கார் அதே அளவு போட்டு, வட்டியும் சேர்த்து, கடைசியில் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய். அதில் கிட்டத்தட்டப் பாதி அவனுடைய சம்பளத்திலிருந்து எடுத்ததுதான். நூறு பேரில் இருபத்தைந்து பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்ற எழுபத்தைந்து பேருக்குப் பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, மாஜி ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் கிடையாது.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெர்மனென்ட் தொழிலாளியை ஒழித்துக்கட்டிக் காண்ட்ராக்ட் ஆளை வைப்பது, வைத்தவனை உரிமை பிறக்கும் முன் வெளியே தள்ளுவது. தொழிற்பேட்டையில் நீங்கள் தினம் பார்க்கிற அதே வித்தை. எங்கள் உடுப்பைத் தைத்துக் கொடுக்கும் ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 1-ந் தேதி நாட்டின் 41 ராணுவத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகக் கூறு போட்டபோது அதுவும் போயிற்று. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யாதபடி தடுக்க அந்த ஆண்டே தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். தைக்கிறவன் தலையில் முதலில் கை வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து உடுத்துகிறவன் தலையில் கை வைத்தார்கள்.

இரண்டு ஆண்டாக ஆள் சேர்ப்பு முகாமே நடக்கவில்லை. அதற்கு முன் ஓட்டத்திலும் வைத்தியப் பரிசோதனையிலும் தேறி, எழுத்துப் பரீட்சைக்குக் காத்திருந்த பையன்களின் தேர்வையும் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வாலிபர்கள் கொதித்து எழுந்தார்கள். செகந்தராபாத் ஸ்டேஷனில் ஜூன் 17-ந் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பையன் செத்தான். பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டவன்! ரயிலுக்கு நெருப்பு வைத்ததை நாங்கள் ஆதரிக்கவில்லை. அந்த ரயில் ஜனங்களின் சொத்து. ஆனால் அந்த நெருப்பை மூட்டிய கை எது என்பதையும் மறக்கத் தயாரில்லை. நேபாள சர்க்கார்கூட 2022-ல், இந்த நிபந்தனையில் எங்கள் பிள்ளைகளை அனுப்புவதை யோசிக்க வேண்டும் என்று கூர்க்கா ஆள் சேர்ப்பை நிறுத்தி வைத்தது. அயல் நாட்டு சர்க்காருக்கு வந்த கவலை நம் சர்க்காருக்கு வரவில்லை.

2023 அக்டோபரில் சியாச்சின் பனிமலையில் ஓர் அக்னி வீரர் உயிர் விட்டார். காப்பீட்டுத் தொகையும் கருணைத் தொகையும் குடும்பத்துக்கு உண்டு என்றார்கள். இருக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் அவரோடு அதே கூடாரத்தில் படுத்த பழைய முறைச் சிப்பாய் செத்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. அக்னி வீரரின் குடும்பத்துக்கு இல்லை. இரண்டு காலும் போன இருபது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். நூறு சதவிகித ஊனத்துக்கு ஒரு தடவையாக 44 லட்சம், எழுபத்தைந்துக்கு 25 லட்சம், ஐம்பதுக்கு 15 லட்சம் என்று திட்டத்தில் விலைப்பட்டியல் இருக்கிறது. அவனுக்கு இன்னும் ஐம்பது ஆண்டு ஆயுள் பாக்கி இருக்கிறது. மாதந்தோறும் வரும் ஊன பென்ஷன் அவனுக்குக் கிடையாது.

ஒரே பனி, இரண்டு விலை

இந்த இடத்தில் மேடைகளில் யாரும் பேசாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாஜி ராணுவத்தினர் என்று எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டிப் பேசுகிறார்கள். பட்டாளத்துக்குள்ளேயும் வர்க்கம் இருக்கிறது. ராணுவ வாழ்க்கையின் கஷ்டத்துக்கு என்று சம்பளத்தோடு ஒரு தொகை தருகிறார்கள். ஏழாவது சம்பளக் கமிஷன் அதற்குப் போட்ட கணக்கு என்ன? ஆபீசருக்கு மாதம் 15,500 ரூபாய். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை 5,200 ரூபாய். சியாச்சினில் நிற்பதற்கான படி ஆபீசருக்கு 42,500, ஜவானுக்கு 30,000. பதவிக்குச் சம்பளம் வேறுபடட்டும், பொறுப்புக்குச் சம்பளம் வேறுபடட்டும். கஷ்டத்துக்கு வேறு வேறு விலையா? மைனஸ் நாற்பது டிகிரிக் குளிர் தோள்பட்டையில் இருக்கும் நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்துவிட்டா விரலை அழுக வைக்கிறது?

இதைக் கேட்டுத்தான் 2023 பிப்ரவரியில் சிப்பாய்களும் ஹவில்தார்களும் தனியாக மறுபடி ஜந்தர் மந்தருக்குப் போனார்கள். பத்திரிகைகளில் எத்தனை வரி வந்தது என்று தேடிப் பாருங்கள்.

ஊனமுற்றவர்களின் கதை இன்னும் கொடுமை. பட்டாளத்தில் சேரும்போது நல்ல உடம்போடு சேர்ந்தவனுக்குப் பிறகு நோய் வந்தால், அது சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும்; இல்லை என்றால் சர்க்கார்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2013 ஜூலையில் தர்மவீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு சிப்பாயையும் தனித்தனியாக ட்ரிப்யூனலுக்கு இழுத்தார்கள். ட்ரிப்யூனலில் அவன் ஜெயித்தால் அப்பீல். அப்பீல் போட சர்க்காருக்கு வக்கீல்கள் உண்டு, கஜானா உண்டு, காலம் உண்டு. அவனுக்கு என்ன உண்டு? 2019 ஜூனில், முழுச் சேவைக் காலம் முடித்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவர்களின் ஊன பென்ஷனுக்கு வருமான வரி விலக்கு இல்லை என்று ஒரு சுற்றறிக்கை வேறு விட்டார்கள். கம்பெனி வரியைக் குறைத்தது அதே ஆண்டு, மூன்று மாதம் கழித்து!

2013 ஜனவரியில் காஷ்மீர் எல்லைக் கோட்டருகே கடும் குளிரில் ரோந்து போன ஒரு நாயக் மயங்கி விழுந்து செத்தார். அவருடைய மனைவிக்கு உரிய உயர்ந்த குடும்பப் பென்ஷனை மறுத்தார்கள். 2019-ல் ட்ரிப்யூனல் கொடுக்கச் சொன்னது. விதவைக்கு எதிராக மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போயிற்று. 2024 டிசம்பரில், இந்தப் பெண்ணை இங்கே வரை இழுத்திருக்கக் கூடாது என்று கண்டித்து, 50,000 ரூபாய் செலவுத் தொகையும் கட்டச் சொன்னது கோர்ட். அப்போது புருஷன் செத்துக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் ஒவ்வொரு டிசம்பர் 7-ந் தேதியும் கொடி நாள் கொண்டாடப்பட்டிருக்கிறது.

"உங்களுக்கு என்ன யோக்யதை?"

"பட்டாளத்தைப் பற்றிப் பேசக் கம்யூனிஸ்டுகளுக்கு என்ன யோக்யதை?" என்று சில தேசபக்தர்கள் மீசையை முறுக்குகிறார்கள். இந்தப் பத்திரிகையில் எழுதுகிறோம் என்பதற்காக எங்களையும் கேட்கிறார்கள். சொல்கிறோம்.

1930 ஏப்ரல் 23-ந் தேதி பெஷாவரில், ஆயுதமில்லாத பட்டாணிய ஜனங்கள்மீது சுடு என்று வெள்ளை ஆபீசர் உத்தரவிட்டபோது, சுட மறுத்துத் துப்பாக்கியைத் தாழ்த்தியது கர்வாலிச் சிப்பாய்களின் அணி. அதற்குத் தலைமை தாங்கிய ஹவில்தார் சந்திர சிங் கர்வாலி ஆயுள் தண்டனை பெற்றார்; பதினோரு ஆண்டு சிறையில் கிடந்தார்; வெளியே வந்து கம்யூனிஸ்ட் ஆனார். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி, நேதாஜியின் படையில் ஜான்சி ராணி ரெஜிமெண்டின் காப்டன். மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் அவர் தலைமையில் துப்பாக்கி ஏந்தினார்கள். அந்தக் காப்டன் லட்சுமி கடைசி வரை செங்கொடியின் கீழ் இருந்தார். 2002 ஜனாதிபதித் தேர்தலில் இடதுசாரிகளின் வேட்பாளராக நின்றார். தேசபக்தர்கள் எங்கே ஓட்டுப் போட்டார்கள்?

1946 பிப்ரவரி 18. பம்பாயில் தல்வார் கடற்படைப் பள்ளியின் மாலுமிகள் சாப்பிட மறுத்து வேலையை நிறுத்தினார்கள். கல்லும் புழுவும் கலந்த சோறு, இனவெறி பிடித்த ஆபீசர்களின் வசவு. இரண்டு நாளில் கப்பலுக்குக் கப்பல் பரவி, 78 கப்பல்களில் இருபதாயிரம் மாலுமிகள் எழுந்தார்கள். இந்தியச் சிப்பாய்களை இந்தோனேசியாவிலிருந்து திருப்பி அழை, இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுதலை செய் என்றும் கேட்டார்கள். கப்பல்களின் கொடிமரத்தில் காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றும் ஒன்றாகப் பறந்தன. காங்கிரஸ் தலைவர்களும் லீக் தலைவர்களும் சரணடையச் சொன்னார்கள். மாலுமிகளுக்காக ஆலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கியவர்கள் பம்பாய்த் தொழிலாளர்கள். அழைப்பு விடுத்தது கம்யூனிஸ்ட் கட்சி. இருநூறு பேருக்கு மேல் சுடப்பட்டுச் செத்தார்கள். பரேலில் குண்டடிபட்டு விழுந்த கமல் தோண்டே எங்கள் தோழர்.

சுதந்திரம் வந்தது. அந்த மாலுமிகள் என்ன ஆனார்கள்? நூற்றுக்கணக்கில் டிஸ்மிஸ் செய்யப்பட்ட அவர்களை இந்தியக் கடற்படையும் திரும்ப எடுக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் எடுக்கவில்லை. நேதாஜியின் படையில் இருந்தவர்களுக்கும் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் பழைய இடம் கிடைக்கவில்லை. தியாகிப் பென்ஷன் திட்டம் 1972-ல்தான் வந்தது. மலேயாவிலிருந்து கப்பலேறித் திரும்பிய எத்தனையோ தமிழர்கள் அதற்குள் மண்ணுக்குப் போய்விட்டார்கள்.

சோற்றைப் பற்றிப் பேசுவது பட்டாளத்தில் என்றுமே பெருங்குற்றம். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை ஜவான் ஒருவர், தண்ணீராக ஓடும் பருப்பையும் கருகிய ரொட்டியையும் படம் பிடித்து நாட்டுக்குக் காட்டினார். ஏப்ரலில் வேலையை விட்டு அனுப்பினார்கள். தல்வார் ஆபீசர்கள் இங்கிலீஷ்காரர்கள், இவர்கள் நம்மவர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

யுத்த வெறியை நாங்கள் விரும்பவில்லை. யுத்தத்தைக் கண்ணால் கண்டவன் அதை விரும்பமாட்டான். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அது இனிக்கும். சிப்பாய் யார்? சீருடை போட்ட விவசாயி மகன். 2020 நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேல் சிங்கு, டிக்ரி எல்லைகளில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்களே, அங்கே பழைய பட்டாளத்துக்காரர்கள் மெடலோடு வந்து உட்கார்ந்தார்கள். லடாக் எல்லையில் மகன் பனியில் நிற்க, டில்லி எல்லையில் தகப்பன்மீது குளிர் காலத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். "ஜெய் ஜவான், ஜெய் கிசான்" என்று இரண்டு பேரையும் சேர்த்து வாழ்த்துகிறவர்கள், அடிக்கும்போதும் இரண்டு பேரையும் சேர்த்தே அடிக்கிறார்கள்.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர். இப்படி எத்தனையோ ஊர்களில் விடியற்காலை நாலு மணிக்கு ரோட்டில் பையன்கள் ஓடுகிறார்கள். ஆள் சேர்ப்பு முகாமில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் காட்ட வேண்டும். அப்பன் கூலி வேலைக்குப் போகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போனவள். ஓடி முடித்து மூச்சு வாங்க எங்களிடம் வந்து நிற்கிறார்கள். "மாமா, சேரலாமா?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் யோசிக்காமல் "சேருடா" என்போம். இப்போது வாய் எழவில்லை. வேண்டாம் என்றால் அவனுக்கு வேறு வேலை எங்கே இருக்கிறது? சேர் என்றால் இருபத்தைந்து வயதில் திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் வாட்ச்மேன் நாற்காலி போடுவான்.

நாங்கள் கேட்பது இவை. அக்னிபாத் திட்டத்தை ரத்து செய். ஏற்கெனவே சேர்த்தவர்களை முழுச் சேவைக்கு எடுத்துக்கொள். ஒரே பதவிக்கு ஒரே பென்ஷனை ஆண்டுதோறும் சமமாக்கு. கஷ்டப் படியை ஆபீசருக்கும் ஜவானுக்கும் ஒன்றாக்கு. ஊனமுற்றவர்கள்மீதும் விதவைகள்மீதும் போட்டிருக்கும் அப்பீல்களை வாபஸ் வாங்கு. தொழிற்சங்கங்களும் விவசாய சங்கமும் வாலிபர் சங்கமும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இவற்றைச் சேர்க்க வேண்டும்.

கொடி நாளன்று உண்டியல் உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும். காசு போடுங்கள், கொடியைக் குத்திக்கொள்ளுங்கள். பிறகு உண்டியலோடு வந்த அதிகாரியிடம் ஒன்று கேளுங்கள். நான்கு ஆண்டு எல்லையில் நின்றவனை நீ மாஜி ராணுவத்தினனே இல்லை என்று சர்க்கார் சொல்லிவிட்டதே, இந்த உண்டியல் காசிலாவது அவனுக்குப் பங்கு உண்டா?